வீடு அறிவதும் வீட்டை அறிவதும்

ஒரு பொருளை உடைமையாகக் கொண்டவன் அப்பொருளைப் பற்றிய அறிவையும் உடைமையாகக் கொண்டவன் ஆவானா என்னும் வினா அண்மைக்காலம் வரை பெரிதாக எழுந்ததில்லை. வயலை உடையவன் அதன் விளைச்சலை அறிந்திருந்தான். பசுவை உடையவள் அது கறக்கும் பாலின் அளவை அறிந்திருந்தாள். உடைமையும் அறிவும் ஒரே முற்றத்தில் கிடந்தமையால் அவற்றைப் பிரித்து நோக்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. இன்றோ அவை பிரிந்து கிடக்கின்றன. அப்பிரிவைக் காண்பதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பேராதனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே, கொழும்பு–கண்டி வீதியை ஒட்டி அமைந்த பிலிமத்தலாவையில், பித்தளைக் குத்துவிளக்குகள் அடுக்கிய கடைகளுக்குப் பின்னால் மேட்டில் ஏறிச் செல்லும் எந்த ஒழுங்கையிலும் அதனைக் காணலாம்.

அங்கே கூரையில் சூரியப் படல்கள் பொருத்திய வீடொன்றைக் கொள்வோம். படல்கள் தரும் நேரோட்ட மின்சாரத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர், முன்சுவரில் மின்மானிக்கு அருகே தொங்குகின்றது. அதன் அடியில் விரலளவான கருவியொன்று செருகப்பட்டிருக்கும். ‘டொங்கிள்’ எனப்படும் அக்கருவி, ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு மின் உற்பத்தியானது, மின்னழுத்தம் எவ்வளவு என்பவற்றை வீட்டின் வைஃபை வழியாக அனுப்புகின்றது. தனி உணரி பொருத்தப்பட்டிருப்பின் வீடு எவ்வளவு நுகர்ந்தது என்பதும் உடன் செல்கின்றது. அனுப்புவது எங்கே? பக்கத்து அறையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அன்று. செய்தி கடலடிக் கம்பிகளினூடாகப் பிறநாடொன்றில் உள்ள உற்பத்தி நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, அங்கு பதியப்பெற்று, பின்னர் கைபேசிச் செயலி வழியாக வீட்டுக்குத் திரும்புகின்றது. பத்தடி தூரத்தில் நிகழ்ந்த ஒன்றை அறிவதற்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் பயணம். இணையம் அறுந்த நாளில் கூரை தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்க, வீட்டுக்காரர் மட்டும் அதனை அறியாதவராகின்றார்.

இஃது ஒரு சுற்றுவழி மாத்திரமா, அன்றி அறம் சார்ந்ததொரு குறைபாடா?

இவ்வினாவுக்கு விடைகாணுமுன், இப்படல்கள் கூரைகளுக்கு ஏறிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடையது. 2016 செப்ரெம்பரில் அரசு தொடங்கிய ‘சூரிய பல சங்ராமய’ என்னும் திட்டத்தின் கீழ், கூரை மின்சாரத்தை 20 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்க வழி பிறந்தது. முதல் 7 ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் பின்னர் 15.50 ரூபாவும் என அன்று விலை குறிக்கப்பட்டது. படல் பொருத்திய பலர் பணத்தோடு தன்னிறைவு என்னும் எண்ணத்தையும் சேர்த்தே வாங்கினர். அவ்வெண்ணத்தின் எல்லையை 2022 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, நண்பகல் வெயிலில் படல்கள் ஒளிர, அவற்றின் கீழே வீடுகள் இருண்டு கிடந்தன. கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும்பொருட்டு, வெளி மின்சாரம் நின்றதும் இன்வேட்டரும் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. மின்கலத் தொகுதியும் அதற்குரிய அமைப்பும் இல்லாத வீட்டுக்கு விலக்கில்லை. நியாயமான ஏற்பாடுதான். எனினும், தம் கூரைக்கு மேலுள்ளது முற்றிலும் தம்முடையதன்று என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

உடைமையின் எல்லை அவ்வாறு வெளிப்பட்டது. அறிவின் எல்லையோ இன்னும் பலருக்கு வெளிப்படவில்லை.

தொழினுட்ப வகையில் நோக்கின், அச்சுற்றுவழி தவிர்க்க முடியாததன்று. பெரும்பாலான இன்வேட்டர்கள் ‘மொட்பஸ்’ என்னும் மொழியைப் பேசுகின்றன. 1979 இல் ஐக்கிய அமெரிக்காவின் மொடிக்கொன் நிறுவனம் தொழிற்சாலை இயந்திரங்களுக்காக வகுத்த நெறிமுறை அது. இன்வேட்டரிலிருந்து இரண்டு மூன்று கம்பிகளை இழுத்தோ, வீட்டு வலையமைப்பினூடாகவோ, உள்ளங்கையளவான கணினி ஒன்றை அதனோடு பேசவைக்கலாம். அவ்வாறு செய்தால் எண்கள் வீட்டைவிட்டு வெளியேறாமலே வீட்டின் திரையில் தோன்றும். இணையம் வேண்டியதில்லை. சில உற்பத்தியாளர் இவ்வழியைத் திறந்து வைத்துள்ளனர். சிலர் தம் கணக்கினூடாக அனுமதி பெற்ற பின்னரே திறக்கின்றனர். சிலர் மூடியே வைத்துள்ளனர். இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். மொட்பஸ் நெறிமுறையில் கடவுச்சொல் என்பதே இல்லை. தொழிற்சாலையின் மதிலுக்குள் அயலார் எவரும் இரார் என்ற நம்பிக்கையில் பிறந்த மொழி அது. அதனை அறிந்தவர் வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்துவிட்டால், எண்களைப் படிக்கவும் கூடும். சில கருவிகளில் அமைப்புகளை மாற்றவும் கூடும். எனவே ‘உள்ளூர் இணைப்பு’ என்றதும் காவல் தானாக வந்துவிடுவதில்லை.

‘வெயில் எவ்வளவு அடித்தது என்ற கணக்கில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது?’ என்று வினவுவார் உளர். உற்பத்திக் கணக்கைப் பொறுத்தவரை அவ்வினா நேர்மையானதே. கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்து ஏறிவரும் மேகம் பிற்பகலில் எத்தனை மணிக்குக் கூரையை மறைத்தது என்பதைப் பிறர் அறிவதால் எவருக்கும் இழுக்கில்லை. நுகர்வுக் கணக்கோ வேறு வகையானது. 1980களில் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஆய்வு செய்த ஜோர்ஜ் ஹார்ட் என்பவர், ஒரு வீட்டின் மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டே உள்ளே எந்தக் கருவி எப்போது இயங்கியது எனப் பிரித்தறியலாம் என்று காட்டினார். நீர் சூடாக்கி ஒருவகையாக ஏறி இறங்கும். குளிர்சாதனப் பெட்டி வேறுவகையாக. தாம் கண்டுபிடித்த முறையே கண்காணிப்புக் கருவியாகிவிடலாம் என 1989 இல் அவரே எச்சரித்து எழுதினார் என்பது விதந்து கூறத்தக்கது. இருபது ஆண்டுகளின் பின்னர், 2009 இல், நெதர்லாந்தின் மேலவை ஒவ்வொரு வீட்டுக்கும் நுண்ணறி மின்மானியைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தை ஏற்க மறுத்தது. வீட்டு வாழ்வின் அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது அதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. விடியலில் எத்தனை மணிக்கு எழுந்தனர், இரவில் யார் விழித்திருந்தனர், எந்தக் கிழமை வீடு பூட்டிக் கிடந்தது என்பனவெல்லாம் அக்கோட்டில் எழுதப்பட்டுள்ளன. வாசிக்கத் தெரிந்தவன் வாசிப்பான்.

தமிழில் ‘அகம்’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். அகப்பாடலின் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. அவர்களின் காதலையும் ஊடலையும் ஊரறியப் பாடலாம். ஆனால் இன்னாருடையது என்று சொல்லுதல் கூடாது. சொன்னால் பாடல் புறமாகிவிடும். இலக்கிய மரபொன்றைத் தொழினுட்பத்தோடு ஒப்பிடுதல் சற்று மிகையெனத் தோன்றலாம். ஆயினும், உணர்வு பொதுவாகலாம், உரியவரின் அடையாளம் பொதுவாகலாகாது என்ற பகுப்பு, தரவுப் பாதுகாப்புப் பற்றி இன்று எழுதுவோர் மிக முயன்று வந்தடையும் பகுப்பேயாகும். சேவையகத்தில் உள்ள கணக்கு இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. அங்கே முதலில் பதிவாவது கருவியின் தொடரிலக்கம், பின் மின்னஞ்சல் முகவரி, பின் வீட்டின் அமைவிடம். எண்கள் பின்னரே வருகின்றன.

இனி, அறிதலைக் காட்டிலும் கடுமையான ஒன்று உண்டு. அது ஏவுதல். எந்த வழியால் செய்தி வெளியே செல்கின்றதோ, அதே வழியால் கட்டளை உள்ளே வரவும் கூடும். இன்வேட்டரின் உள்ளமைந்த மென்பொருளைப் புதுப்பிப்பதற்கென நிறுவனம் வைத்திருக்கும் கதவு, அதனை நிறுத்துவதற்கும் உதவும். 2024 ஓகஸ்ற்றில் ருமேனியப் பாதுகாப்பு நிறுவனமான பிட்டிபென்டர், உலகெங்கும் பரவிய சூரியக் கண்காணிப்புத் தளங்கள் இரண்டில் இருந்த ஓட்டைகளை வெளியிட்டது. அவற்றினூடாக அயலார் பிறர் கணக்குகளைக் கைப்பற்றியிருக்க முடியும் எனவும் அவை பின்னர் அடைக்கப்பட்டன எனவும் அது கூறிற்று. அதே ஆண்டு நவம்பரில் லித்துவேனிய நாடாளுமன்றம், தன் நாட்டுக்கு அச்சுறுத்தல் எனக் கருதும் நாடுகளின் உற்பத்தியாளர், 100 கிலோவாற்றுக்கு மேற்பட்ட சூரிய, காற்று மின் நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து கிலோவாற்று வீட்டுக்கூரை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஐந்து கிலோவாற்றுகள் இருபதினாயிரம் ஒரே சேவையகத்தின் கீழ் இருந்தால் அவை 100 மெகாவாற்று ஆகும். சிறுமை இங்கு காவலாகாது.

இத்துணையும் கூறியபின், வீடு தன் கதவை அடைத்துத் தன் எண்களைத் தானே வைத்துக்கொள்வதே அறம் என முடித்துவிடத் தோன்றும். அவ்வாறு முடிப்பது எளிது. ஆனால் அது பாதி உண்மையே. கூரை மின்சாரம் கிணற்று நீரைப் போன்றதன்று. அது பொதுக் கம்பியில் கலக்கின்றது. ஒரு வீட்டின் மிகுதி அயல்வீட்டின் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நேர்ந்த பழுதைத் தொடர்ந்து நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. குரங்கைப் பற்றிய நகைச்சுவை நாட்டில் நெடுநாள் உலவியது. அதனிலும் சிந்திக்கத்தக்கது பின்னர் கூறப்பட்ட விளக்கம். விடுமுறை நண்பகலில் மின் தேவை குறைவு. கூரைச் சூரிய உற்பத்தியோ உச்சம். நீர், அனல் மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் தம் சுழற்சியினால் வலையமைப்பின் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. சாதாரண சூரிய இன்வேட்டரில் சுழல்வது எதுவுமில்லை. எனவே சிறு பழுதும் பெரும் வீழ்ச்சியாகின்றது. இதனால் அவ்வாண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி 13 ஆம் திகதி முதல் 21 ஆம் திகதி வரை, நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரியத் தொகுதிகளைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது.

அவ்வேண்டுகோளை இருவகையாக நோக்கலாம். வருவாய் இழப்பு எனக் கண்டோர் அன்று பலர். அவர்களது முறைப்பாடு பொய்யன்று, ஏனெனில் கடனெடுத்துப் படல் வாங்கியவரின் மாதத் தவணை விடுமுறையில் செல்வதில்லை. ஆயின் அறநோக்கில் அவ்வேண்டுகோளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது மனிதரை நோக்கிப் பேசியது. காரணத்தைச் சொல்லி, நிறுத்துவீர்களா என்று கேட்டது. கேட்கப்படுபவர் மறுக்கவும் கூடும் என்பதனாலேயே அது வேண்டுகோள் ஆயிற்று. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்ற இம்மானுவேல் காண்ற்றின் கோட்பாடு இத்தகைய சிறிய இடங்களிலேயே சோதனைக்கு உள்ளாகின்றது. தொலைவிலிருந்து இன்வேட்டரை நிறுத்தும் கட்டளை, வீட்டுக்காரரோடு பேசுவதில்லை. அவரைக் கடந்து சுவரில் தொங்கும் பெட்டியோடு பேசுகின்றது.

இருப்பினும், வேண்டுகோளின் குறையையும் மறைத்தலாகாது. கேட்டு நடந்தவர் இழந்தார், கேளாதவர் ஈட்டினார். நல்லவருக்கு மட்டும் வரி விதிக்கும் ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்காது. எல்லார்க்கும் ஒத்த அளவில் குறைக்கும் தொலைக்கட்டளை, அவ்வகையில், வேண்டுகோளிலும் நீதியானது என வாதிடுவோர் கூற்றில் வலு உண்டு. ஆகவே வினா, வெளியார் ஏவலாமா கூடாதா என்பதன்று. யார் ஏவுவது, எந்தச் சட்டத்தின் கீழ், எவ்வளவு நேரத்துக்கு, ஏவியதை வீட்டார் அறிய முடியுமா என்பதே வினா.

கண்டிப் பிரதேசத்தின் படிமுறை வயல்களில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நீர் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறங்குகின்றது. எப்போது திறப்பது, எப்போது கட்டுவது என்பதை ஒருவர் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வரை, அதனை மேற்பார்வை செய்ய வெல்விதானை என்னும் ஊர் அலுவலர் இருந்தார். அவர் நல்லவராகவும் இருந்திருப்பார், கொடியவராகவும் இருந்திருப்பார், அது வேறு. அவருடைய அதிகாரம் வரம்பில் நின்றது என்பதே கருதத்தக்கது. எவர் வயலுக்கு எவ்வளவு நீர் என்று அவர் கேட்டார். அவ்வீட்டு அடுப்பில் எத்தனை பானை ஏறிற்று என்று கேட்பது அவர் வேலையன்று. பொதுக் கம்பிக்கு வேண்டியது கூரையிலிருந்து எவ்வளவு இறங்குகின்றது என்ற கணக்கு. அதனை மறைக்க வீட்டுக்கு உரிமையில்லை எனத் துணிந்து கூறலாம். வீட்டுக்குள் எவ்வளவு, எப்போது, எதற்கு என்ற கணக்கு வரம்புக்கு இப்பால் உள்ளது. பிறநாட்டுச் சேவையகமோ இரண்டையும் ஒருங்கே அள்ளிச் செல்கின்றது. ஆனால் பொதுக் கம்பியின் நலனுக்கு அது பொறுப்பேற்பதில்லை. வெல்விதானையின் கடமை இல்லை, அவருக்கு இல்லாத பார்வை மட்டும் உண்டு.

வீட்டு வலையமைப்போடு இணைத்துவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமா? இங்கேதான் உள்ளூர் இணைப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் வாய்திறவாத ஒன்று உளது. வீடு என்பது ஒருவர் அன்று. வீட்டின் எண்கள் வீட்டுக்குத் திரும்பின என்றால், அவை வீட்டிலுள்ள யாருடைய கைக்குத் திரும்பின? பெரும்பாலும் கடவுச்சொல்லை வைத்திருக்கும் ஒருவரின் கைபேசிக்கு. மத்தியானம் இரண்டு கிலோவாற்று ஏறியது ஏன் என்று அலுவலகத்திலிருந்தே கேட்கும் கணவனுக்கு, வீட்டில் உடை அழுத்திக்கொண்டிருந்த மனைவி விடை சொல்ல வேண்டியவளாகின்றாள். மூட்டுவலிக்கு வெந்நீர் வைத்துக்கொண்ட மாமியார் கணக்கில் அகப்படுகின்றார். பிலிமத்தலாவையில் வேறொரு நிலையும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் மாணவர் இங்குள்ள வீடுகளில் அறை எடுத்துத் தங்குவதுண்டு. தம் அறையின் மின்கேத்தல் இரவு ஒரு மணிக்குக் கொதித்தது வீட்டுக்காரரின் திரையில் சிறு மேடாகத் தெரியும் என்பது அம்மாணவருக்குத் தெரியாது. நாடு கடந்த நிறுவனத்துக்கு அவர் ஒரு தொடரிலக்கம். வீட்டுக்காரருக்கோ அவர் முகம் தெரிந்தவர். தொலைவிலுள்ளவன் அறிவதைக் காட்டிலும் அருகிலுள்ளவன் அறிவது சில வேளைகளில் கூடுதலாக நோகச் செய்யும்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுள்ளது. சட்டம் வாசற்படியில் நிற்பது சரியே. வாசற்படிக்கு உள்ளே நடப்பதை வீட்டாரின் மனச்சாட்சியே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எளியதொரு வழி உண்டு: திரையைக் கைபேசிக்குள் வைக்காது, எல்லாரும் நடமாடும் கூடத்துச் சுவரில் வைத்தல். அறை எடுத்துத் தங்குபவரும் பார்க்கட்டும். எல்லாரும் காணும் எண்ணைக் கொண்டு ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்பது கடினமாகும். கேட்டாலும் கேட்கப்பட்டவரிடம் அதே எண் இருக்கும். நுகர்வுக் கணக்கை ஐந்து நிமிடத்துக்கு அன்றி நாளுக்கு ஒன்றாகச் சுருக்கிக் காட்டுவது அதனிலும் நன்று. உற்பத்திக்கு நுணுக்கம் வேண்டும், ஏனெனில் ஒரு படலில் நிழல் விழுவதையோ பழுது ஏற்படுவதையோ நாள்மொத்தம் காட்டாது. மனிதர் பழுதுபட்ட படல்கள் அல்லர்.

எஞ்சுவது ஆற்றல் பற்றிய வினா. மொட்பஸ் என்றால் என்னவென்று எல்லாரும் கற்கவேண்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சேமிப்பில் படல் வாங்கினால் அவர் கணினிப் பொறியியலாளரும் ஆக வேண்டுமெனக் கோருவது நியாயமன்று. கண்டிக் கைவினைஞரைப் பற்றி 1908 இல் பெருநூலொன்றை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, செய்பவனின் அறிவையும் பயன்படுத்துபவனின் வாழ்வையும் பிரிக்காத ஒரு சமூகத்தை அவர்களிடையே கண்டார். அச்சமூகத்திலும் விளக்கு வாங்கியவன் வார்ப்புத் தொழிலை அறிந்திருக்கவில்லை. ஆனால் இப்பகுதிப் பட்டறையில் வாங்கிய விளக்கு, வீட்டுக்கு வந்தபின் பட்டறைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கவுமில்லை. நெளிந்தால் எந்தக் கன்னானிடமும் கொண்டுபோகலாம். மனிதர் தம் நோக்கத்துக்குத் தாமே வளைத்துக்கொள்ளத்தக்க கருவிகளைப் பற்றி 1973 இல் இவான் இலிச் எழுதியபோதும் வற்புறுத்தியது ஏறத்தாழ இதனையே. உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதன்று கோரிக்கை. அறிய விரும்பும் நாளில், அல்லது அறிந்த அயலவர் ஒருவரை அழைக்கும் நாளில், கதவு பூட்டியிருக்கலாகாது என்பதே. ஆதலின் படல் விற்பவரிடம் விலையோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உள: இக்கருவி வீட்டு வலையமைப்பில் நேரடியாகப் பேசுமா? நிறுவும்போது இட்ட கடவுச்சொல் யாரிடம் உள்ளது? நிறுவனம் மூடப்பட்டால் பழைய கணக்கு எங்கே? 20 ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கையொப்பமிடுபவர் இவற்றைக் கேட்பது மிகையன்று. செயலி ஒன்று அத்துணை ஆண்டு நிலைக்கும் என நம்ப ஏதும் இல்லை.

கணினியோ கம்பியோ இல்லாத இணைப்பும் ஒன்றுண்டு. பல இன்வேட்டர்களின் முகப்பில் சிறு திரை உள்ளது. அன்றைய உற்பத்தி அதில் அலகுக் கணக்கில் தெரியும். பொழுது சாய்ந்ததும் அதனைப் பார்த்துச் சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்தால், மாதமுடிவில் மின் பட்டியலோடு ஒப்பிடலாம். முழு உற்பத்தியையும் விற்கும் வீடாயின் இரண்டும் ஏறத்தாழ ஒத்துவரும். மிகுதியை மட்டும் விற்கும் வீடாயின் வித்தியாசம் வீட்டின் பகல்நேர நுகர்வைக் காட்டும். பட்டியலில் பிழை உளதென முறையிடச் செல்பவருக்கு அக்கொப்பி ஒரு சான்று. தீர்ப்பு மின்மானியின்படியே அமையும் என்றாலும், கேள்வி கேட்பதற்கு ஒரு தொடக்கம் அதில் உண்டு. எந்த மணியில் மேகம் மறைத்தது, எந்தப் படலில் நிழல் விழுந்தது என்பதை அது சொல்லாது; அதற்குக் கம்பி இழுத்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் சில நாட்கள் குறிக்க மறந்துபோகும். அந்நாட்களுக்குரிய வரிகள் வெறுமையாகவே இருக்கும்.